பதினோரு மில்லும் பழுது

இம்பேரா நாட்டின் கசிம்பே மாவட்டத்தில் ஆறாயிரத்து இருநூறு பெண்கள் அடுத்த தேர்தலில் யாருக்கு வாக்களிப்பார்கள் என்பதைக் கோகிலவாணி மூன்று வருடத்துக்கு முன்பே திருச்செங்கோட்டில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தாள். இந்த விஷயம் அந்தப் பெண்களுக்குத் தெரியாது. கோகிலவாணிக்கே தெரியாது என்பதுதான் இதில் வெட்கக்கேடு.

தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கும்போது அவள் இம்பேராவில் போய் இறங்கினாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, முதல் பாஸ்போர்ட், முதல் வெளிநாடு. இதையெல்லாம் யாரும் கேட்காமலே சொல்லக்கூடியவள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லியாயிற்று; அவர் தூங்கிவிட்டார்.

திருச்செங்கோட்டுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. போர்வெல் போடும் ரிக் வண்டிகளை ஊர்க்காரர்கள் கப்பலில் ஏற்றி அனுப்பிய காலம் ஒன்று. கோகிலாவின் அப்பா அப்படி ஒரு ரிக்கில் குழாய் மாட்டியவர்தான். நிலத்தடித் தண்ணீர் வற்றிய பிறகு ரிக் முதலாளிகளின் பிள்ளைகள் கணினிப் பக்கம் திரும்பினார்கள். அப்பாக்கள் துளை அனுப்பினார்கள், பிள்ளைகள் தேர்தல் அனுப்பினார்கள். கோகிலாவின் முதலாளி அர்த்தநாரி அப்படி ஒரு பிள்ளை. நிறுவனத்தின் சரக்குக்குப் பெயர் ‘நிழல்வாக்கு.’

சரக்கு இதுதான். உங்கள் கைபேசிக்கு ஓர் இயந்திரக் குரல் கூப்பிடும். மழை, பள்ளிக்கூடம், விலைவாசி, தலைவர்கள் என்று உங்கள் மொழியிலேயே முப்பது கேள்வி கேட்கும். பதில்களை வைத்து உங்களைப் போலவே யோசிக்கும் ஒரு நிழலைச் செய்துகொள்ளும். தேர்தலன்று உங்களால் வாக்குச்சாவடிக்கு வர முடியாவிட்டால் உங்கள் நிழல் உங்களுக்காக வாக்களித்துவிடும். நேரில் வந்து கட்டைவிரலை வைத்தால் நிழல் அழிந்துபோகும். வசதியான ஏற்பாடு. அந்த வசதி வந்ததும் கசிம்பேயில் இருந்த முப்பத்தெட்டுச் சாவடிகளை மூடிவிட்டு, மாவட்டத் தலைநகரில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்தார்கள். தூரத்துக் கிராமங்களிலிருந்து அங்கே வர முப்பது கிலோமீட்டர்.

நிழல்கள் சரியாக இருக்கின்றனவா என்று இருபது வீடுகளில் கேட்டு, இருபது டிக் அடித்துவிட்டுத் திரும்புவதுதான் கோகிலாவின் வேலை. திரும்பினால் அணித்தலைவி பதவி. அவள் வீட்டில் அம்மா அதை ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

விமான நிலையத்துக்கு வெளியே ஒரு பழைய பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தாள் தாலிட்சோ. கசிம்பே மாவட்டத் தேர்தல் அலுவலர். நாற்பது வயதிருக்கும், சுருக்கமில்லாத சட்டை, தூசி படிந்த பூட்ஸ். அவள் தன் மொழியில் ஏதோ சொன்னாள். கோகிலாவின் காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புக் கருவி அதைத் தமிழாக்கியது:

“வாங்க அம்மிணி. ஒறம்பரை ஊட்டுக்கு விருந்துக்கு வந்தாப்புல நிக்கறீங்க. ஏறுங்க, நெம்பத் தூரம் போகோணும்.”

கோகிலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கருவிக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க நிறுவனம் குரல் வாங்கியது அலுவலக ஊழியர்களிடம்தான். அதனால் உலகத்தில் யார் பேசினாலும், அமைச்சரோ போராளியோ, திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுவதுபோலத்தான் காதில் விழும்.

“நான் பேசறது உங்க காதுல எப்படிக்கா விழுகுது?” என்று கேட்டாள்.

தாலிட்சோ தன் காதிலிருந்ததைத் தட்டிக் காட்டினாள். “கெழட்டுப் பாதிரியார் பிரசங்கம் பண்றாப்புல இருக்குதுங். எங்கூர்ல அந்தக் குரல்தான் சல்லிசாக் கிடைச்சுது போல.”

நூற்றைம்பது கிலோமீட்டர் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே போய், மறுநாள் காலை முதல் வீட்டில் நின்றார்கள். வீட்டுக்காரர் ஃபைசன் மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவர் மனைவி எஸ்நாத் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து சோளக்கதிர் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கூட்டு ஓட்டு குடைக்குத்தானுங்க!” என்றார் ஃபைசன், ஊருக்கே கேட்கும்படி. குடை ஆளுங்கட்சிச் சின்னம். எதிர்க்கட்சிக்கு மண்வெட்டி. “என்ற நிழலும் குடை, இவ நிழலும் குடை. குடையில்லாம மழையில போவாங்களா?”

கோகிலா அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க. உங்க நிழல் சரியா இருக்குதுங்களா?”

எஸ்நாத் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கதிரை உதிர்த்து முடித்தாள். அடுத்த கதிரை எடுத்தாள்.

கோகிலா கையிலிருந்த கணினிப் பலகையில் ‘திருப்தி’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். ஃபைசன் கொடுத்த வேர்க்கடலையைத் தின்றாள். நன்றி சொல்லிக் கிளம்பினாள்.

வண்டி கொஞ்ச தூரம் போனதும் தாலிட்சோ கேட்டாள். “அந்த எஸ்நாத்துக்கு என்ன போட்டீங்?”

“திருப்தின்னு போட்டேன். அவங்களுக்கும் குடைதானே.”

“அவ ஒண்ணும் சொல்லலீங்களே.”

“சொல்லலைன்னா விதி பதினாலு இருக்குதுக்கா. பேசாத பெண்ணுக்குக் குடும்பத் தலைவர் எதைச் சொன்னாரோ அதுதான்.”

வண்டி நின்றது. பிரேக் போட்டு நிறுத்தியதுபோல இல்லை. வண்டிக்கே போகப் பிடிக்காததுபோல நின்றது.

“எங்க கிட்டக் குடுத்த புஸ்தகத்துல ‘மௌனம் உரிய முறையில் கையாளப்படும்’னு போட்டிருந்துச்சு. இதுதானா அந்த உரிய முறை?”

“ஆமாங்க்கா.”

“எத்தனை பேரு அப்படி?”

கோகிலா பலகையைத் தட்டிப் பார்த்தாள். “இந்த மாவட்டத்துல ஆறாயிரத்து இருநூறு.” சொல்லும்போதே அது பெரிய எண்ணாக இருப்பது அவளுக்கு உறைத்தது. இதுவரை அது சதவீதமாக இருந்தது. சதவீதம் கேட்பதற்கு மரியாதையாக இருக்கும்.

தாலிட்சோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னாள். “முப்பது வருசத்துக்கு முன்னால இங்க பொட்டி கெடையாது, சீட்டு கெடையாது. மைதானத்துல தேர்தல்ல நிக்கற ஒவ்வொரு ஆளோட போட்டோவையும் குச்சியில கட்டி நிறுத்துவாங்க. உனக்கு யாரு வேணுமோ அவிய பின்னால போயி வரிசையா நிக்கோணும். ஊரே பாக்கும். புருசன் நின்ன வரிசையை விட்டு வேற வரிசையில நின்ன பொம்பளைங்க அன்னைக்கு ஊட்டுக்குப் போயி என்ன பாடு பட்டாங்கன்னு நாஞ்சொல்ல வேண்டியதில்லை. என்ற பெரியம்மா பொழைக்கலை. அதுக்கப்பறம் இந்த மாவட்டத்துப் பொம்பளைங்க ஒரு பேச்சு வெச்சுக்கிட்டோம். யாருக்குப் போடறோம்னு யாரு கேட்டாலும் சொல்றதில்லை. புருசன் கேட்டாலும், பாதிரியார் கேட்டாலும், மெசின் கேட்டாலும். பின்னாடி பொட்டி வந்துச்சு, தெரை வந்துச்சு. பேச்சு அப்படியே நிக்குது.”

“அதாவது…”

“அதாவது அவ வாயை மூடறது எதுக்குன்னா, ஓட்டு அவளோடதா இருக்கோணும்ங்கறதுக்கு. நீங்க அதையே எடுத்துப் புருசன் கையில குடுத்திருக்கறீங்க. எந்தக் கடங்காரன் அந்த விதியை எழுதுனான்?”

ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆடு கோகிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. “நாந்தாங்க்கா,” என்றாள்.

அதை எழுதிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மத்தியானம் மூன்று மணி. இயந்திரம், தனக்குப் பதில் சொல்லாதவர்களை ஒரு பட்டியலாகக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. “டீ வர்றதுக்குள்ள ஒரு விதி எழுதிக் குடும்மா,” என்றார் அர்த்தநாரி. பாதிப் பெண்ணான சாமியின் பெயரை வைத்துக்கொண்டு அந்த மனிதருக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. சரி, முழுப் பெண்ணான கோகிலாவுக்கு என்ன உறுத்தியது? ஒன்றுமில்லை. விடுதியில் பெண்களுக்கு மட்டும் ஏன் ஏழு மணிக்குக் கதவடைக்கிறீர்கள் என்று கல்லூரி முதல்வரிடம் சண்டை போட்டவள், ஒவ்வொரு மகளிர் தினத்துக்கும் எண்ணூறு சொல்லில் பதிவு போடுபவள், அன்று தன் வீட்டை நினைத்துப் பார்த்தாள். தேர்தலன்று அப்பா சின்னத்தைச் சொல்வார், அம்மா தலையை ஆட்டுவாள். அவ்வளவுதானே. விதியை எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் ‘கள யதார்த்தம்’ என்று போட்டாள். அந்தச் சொல் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த மாதம் சிறந்த ஊழியர் என்று படத்தைச் சுவரில் மாட்டி, ஒரு ஹாட்பாக்ஸும் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு வீட்டை ஆய்வு செய்து ஒரு கண்டத்துக்கு விதி எழுதியவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஒரு வீட்டையாவது சரியாக ஆய்வு செய்திருக்கிறோமா என்ற சந்தேகம் பிறகுதான் வந்தது. வண்டியை விட்டு இறங்கி, ஒரு புளியமர நிழலில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள். போனில் அம்மாவுக்குப் பின்னால் தறிச்சத்தம் கேட்டது.

“ஏம்மா, அப்பா சொல்ற சின்னத்துக்குத்தானே நீ ஓட்டுப் போடுவ?”

“அங்க போயிச் சோறு தின்னியா இல்லியா, அதைச் சொல்லு மொதல்ல.”

“தின்னேன். சொல்லும்மா.”

“கல்யாணமான புதுசுல ஒருக்காப் போட்டேன். அப்பறம் எங்க போட்டேன்? பொட்டாட்ட, சத்தங்காட்டாமப் போயி எனக்குப் புடிச்சதுல ஒரு அமுக்கு அமுக்கிப்போட்டு வந்துருவேன்.”

“தலையை ஆட்டுவியே!”

“ஆட்டுனா என்ன, கழண்டா விழுந்துரும்? ஆட்டலீன்னா அந்த மனுசன் நாலு நாளைக்குத் தொணதொணன்னு இருப்பாரு.”

“என்கிட்டக்கூட நீ சொன்னதே இல்லையேம்மா.”

“நீ எங்க சாமி கேட்ட? வந்ததும் வராததுமா எனக்குப் பொம்பளை உரிமை பாடம் எடுப்ப. நானும் தலைய ஆட்டுவேன்.”

கோகிலா போனை வைத்தாள். அவள் அம்மா தலையாட்டிய மனிதர்களின் பட்டியலில் அப்பாவுக்கு அடுத்த பெயர் அவளுடையது.

அவமானம் வந்தால் கோகிலாவுக்குக் கூடவே கோபமும் வந்துவிடும். இரண்டையும் பிரித்து வைக்கத் தெரியாது. அர்த்தநாரியைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவர் அமைதியாகக் கேட்டார். முதலாளிகளுக்கே உரிய அமைதி.

“ஏம்மா, நீ எழுதுன விதிக்கு நீயே என்னை வையறயே, இது ஞாயமா? அப்பறம் ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிராத. அவிய பேசலைன்னாலும் மெசினுக்குத் தெரியும். இருவத்தேழாவது கேள்வியில குடைங்கற பேரு வரும்போது மூச்சு எப்படி மாறுதுன்னு வெச்சே சொல்லிப்போடுது. நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு சரியா வருது. அந்தப் பொம்பளைங்கள்ல முக்காவாசி மண்வெட்டி.”

“அப்ப அதையே போட வேண்டியதுதானே சார்?”

“ஒப்பந்தம் குடுத்ததே குடைக்காரங்கம்மா. உன்ற விதியைப் பாத்துத்தான் அவியளுக்கு நம்ம சரக்கே புடிச்சுது.”

“சார், அந்த விதிக்குப் போட்ட பூட்டு என் சாவியிலதான் திறக்கும். நான் மாத்தப் போறேன்,” என்று சொல்லிவிட்டு வைத்தாள். செய்யப் போவதை எதிராளியிடம் முன்கூட்டி அறிவித்துவிட்டுக் கிளம்புகிற புரட்சிக்காரியை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஓடிப்போய் வண்டிக் கதவைத் திறந்தாள். “அக்கா! எல்லாத்தையும் சரி பண்ணிடலாம். அவங்க மூச்சை வெச்சே யாருக்குப் போடுவாங்கன்னு மெசின் கண்டுபிடிச்சிருக்குது. ஒரு பட்டனை மாத்தினா போதும். மண்வெட்டி நாலாயிரம் ஓட்டுல ஜெயிக்கும்!”

தாலிட்சோவின் முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“முப்பது வருசமா வாயை மூடிக் காப்பாத்துனதை மூச்சுல இருந்து புடுங்கி எடுத்துட்டீங்களா?” என்றாள் தாலிட்சோ. “அந்தக் கணக்கு உங்க மெசின்ல இருக்குது. நாளைக்குக் குடைக்காரங்க கேட்டா, எந்த ஊட்டுல எந்தப் பொம்பளைன்னு பேரோட குடுப்பீங்க. அப்படித்தானே?”

கோகிலா அதை யோசிக்கவில்லை. “ஆனா முடிவு சரியா வருமேக்கா…”

“எது சரின்னு உங்ககிட்ட யாரு கேட்டா?”

“சரி, வேணாம். ஆறாயிரத்து இருநூறையும் செல்லாததா ஆக்கிடறேன். யாருக்கும் போகாது.”

“மொதல்ல புருசங்களுக்குக் குடுத்தீங்க. அப்பறம் மண்வெட்டிக்குக் குடுத்தீங்க. இப்பக் குப்பைக்குக் குடுக்கறீங்க. ஆக மூணு முடிவு எடுத்துட்டீங்க அம்மிணி. இதுல ஒருத்தியையாவது கேக்கோணும்னு தோணலை.”

பதில் சொல்வதற்குள் பலகை ஒருமுறை அதிர்ந்தது. உங்கள் அனுமதி ரத்து செய்யப்பட்டுள்ளது. கீழே அர்த்தநாரியிடமிருந்து தனியாக ஒரு வரி: ‘டிக்கெட் அப்படியேதான் இருக்குது, பத்திரமா வந்து சேரும்மா.’ அவளால் இனி எதையும் மாற்ற முடியாது. அணித்தலைவிப் பதவி போயிற்று, வேலையும் போயிற்று. தெரு முழுக்க அம்மா சொன்னதைத் தெரு முழுக்கத் திருப்பி வாங்க வேண்டும்.

“நேர்ல வந்தா நிழல் அழிஞ்சுரும், இல்லீங்?” என்றாள் தாலிட்சோ, வண்டியைக் கிளப்பியபடி.

“ஆமாங்க்கா. ஆனா முப்பது கிலோமீட்டர்…”

“வர்றதும் வராததும் அவிய பாடு. சட்டப்படி அறிவிக்கறது என்ற வேலை. நடந்ததைச் சொல்றது உங்க வேலை.”

பெண்கள் மட்டும் கூடுகிற இடம் அந்த ஊரில் அரவை மில்தான். சோளத்தை அலுமினியப் பேசினில் போட்டுத் தலையில் வைத்து வந்து, முறைக்காகக் காத்திருப்பார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் வந்தால் மாவு படியும் என்று வருவதில்லை. மில்காரி ரோசினா, தடித்த கைகளில் முழங்கைவரை மாவு பூசியவள், இயந்திரத்தை நிறுத்தினாள். கோகிலா ஒரு மூட்டைமேல் ஏறி நின்றாள். மனதுக்குள் தயாரித்து வைத்திருந்த உரையில் ‘வரலாறு’ மூன்று இடத்தில் வந்தது.

பேசத் தொடங்கியதும், மொழிபெயர்ப்புக் கருவியை மாட்டியிருந்த ஒலிபெருக்கியிலிருந்து கிழட்டுப் பாதிரியார் பேசினார். பெண்கள் முந்தானை போன்ற துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கோகிலா உரையைக் கைவிட்டாள். விதியை எழுதினது நான் என்றாள். டீ வருவதற்குள் எழுதினேன் என்றாள். ஹாட்பாக்ஸையும் சொன்னாள். நீங்கள் பேசாததை எல்லாம் இயந்திரம் உங்கள் வீட்டுக்காரர் பேச்சாக எழுதி வைத்திருக்கிறது, நேரில் வந்தால் மட்டும்தான் அது அழியும், உங்கள் மூச்சைக்கூட இயந்திரம் குறித்து வைத்திருக்கிறது என்றாள். “மன்னிச்சுடுங்க” என்றபோது பாதிரியாருக்குக் குரல் நடுங்கியது, நல்ல மொழிபெயர்ப்பு.

யாரும் பேசவில்லை. கூட்டத்தில் எஸ்நாத்தும் இருந்தாள். அவள் தன் பேசினில் கிடந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ரோசினா மட்டும் கேட்டாள். “உங்கூர்ல நீங்க ஓட்டுப் போட எவ்வளவு தூரம் நடப்பீங்?”

“பக்கத்துத் தெருங்க.”

ரோசினா தலையை அசைத்துவிட்டு இயந்திரத்தைப் போட்டாள். கூட்டம் முடிந்தது.

நான்கு நாளில் மாவட்டத்துக் கிராமங்களில் இருந்த பதினோரு மில்லுக்கும் போனார்கள். பதினோரு இடத்திலும் அதே பாதிரியார், அதே அமைதி. வாக்களிக்க நேரில் வரலாம் என்ற அரசாங்க அறிவிப்பைத் தாலிட்சோ ஒவ்வொரு மில் கதவிலும் ஒட்டினாள். அதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை. மூன்று வருடமாக அமைதிக்குப் பொருள் எழுதியே சம்பளம் வாங்கியவள் கோகிலா. பதினோரு முறையும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தேர்தலன்று காலை ஏழு மணிக்குச் சாவடி திறந்தது. மாவட்டத் தலைநகரின் பள்ளிக்கூடம், ஆறு மேசை. டவுன் ஆட்கள் வந்தார்கள், ஆண்கள் சிலர் வந்தார்கள். கிராமத்துப் பெண் ஒருத்தியும் இல்லை. எட்டு மணிக்கும் இல்லை. எட்டரைக்குக் கோகிலா பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பதிவு எழுத ஆரம்பித்தாள். ‘அடிமைத்தனம் எப்படி ஆழ்மனதில் வேர் பிடிக்கிறது என்பதை இன்று நேரில் கண்டேன்’ என்று தொடங்கி இரண்டாவது பத்தியில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு வடக்குச் சாலையில் புழுதி கிளம்பியது. முதலில் பேசின்கள்தான் தெரிந்தன. தலைமேல் அலுமினியப் பேசின்கள், வெயிலில் மின்னிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. அப்புறம் கிழக்குச் சாலையில். அப்புறம் ஆற்றுப் பாலத்தில்.

“என்னக்கா இது, இன்னைக்குச் சந்தையா?”

“இல்லீங். மில்லு பழுதாம். டவுன் மில்லுக்கு அரைக்க வந்திருக்கறாங்க.” தாலிட்சோவின் முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை.

“எந்த மில்லு?”

“பதினொண்ணும். ராத்திரியோட ராத்திரியா நின்னு போச்சாம்.”

டவுன் மில் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டியே இருந்தது. மில்லுக்குப் போகும் வரிசை எது, சாவடிக்குப் போகும் வரிசை எது என்று யாராலும் சொல்ல முடியாதபடி அந்தச் சுவரோரம் பெண்கள் நின்றார்கள். இந்த வழியாக நுழைந்து கட்டைவிரல் வைத்து, திரைக்குப் பின்னால் போய்விட்டு, அந்த வழியாக வெளியே வந்து மாவு அரைக்கப் போனார்கள். கோகிலா பதிவின் இரண்டு பத்தியையும் அழித்தாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அழித்தாள்.

குடைக்கட்சிக்காரன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து, “அதான் நிழல் இருக்குதே, எதுக்கு வெயில்ல நிக்கறீங்க, ஊட்டுக்குப் போங்க,” என்று வரிசை நெடுகக் கத்தினான். வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது. அவன் தொண்டை கட்டிப்போய் நிழலைத் தேடிப் போய்விட்டான். மத்தியானம் ஃபைசன் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வரிசையின் வால் பக்கம் எஸ்நாத்தைக் கண்டுபிடித்து, “மாவரைக்க இத்தனை நேரமா? என்ன மில்லு நடத்தறாங்க!” என்று டவுன் மில்காரனைத் திட்டிவிட்டு, பொண்டாட்டிக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்துதான் திட்டினாரா என்று கோகிலா யோசித்தாள். யோசித்து ஒரு முடிவுக்கும் வந்தாள். அது தப்பாக இருக்கும் என்ற முன்னனுபவத்தில் உடனே கைவிட்டாள்.

மாலை ஐந்து மணிக்கு மூட வேண்டும். ஆனால் ஐந்து மணிக்கு வரிசையில் நிற்கும் கடைசி ஆள்வரை வாக்களிக்க விடவேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். தாலிட்சோ வரிசையின் கடைசியில் ஒரு காவலரை நிறுத்தினாள். வாக்குப்பதிவு மறுநாள் மத்தியானம் பன்னிரண்டுக்குத்தான் முடிந்தது. எஸ்நாத் கடைசி நூறு பேரில் ஒருத்தி. நிழல் அழிந்த பெண்கள் நாலாயிரத்து எண்ணூற்று எழுபது.

எண்ணிக்கை நான்கு மணிக்கு முடிந்தது. தாலிட்சோ கையெழுத்துப் போட்ட தாளைப் பள்ளிச் சுவரில் ஒட்டினாள். கோகிலா முண்டியடித்துப் போய் எண்களைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். கசிம்பே மாவட்டத்தில் குடை, இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் வெற்றி.

அவள் நேராகத் தாலிட்சோவிடம் போனாள். “இதுக்கா? இதுக்கா முப்பது கிலோமீட்டர் நடந்து வந்தாங்க? குடைக்கா? வீட்லயே இருந்திருந்தா நிழலே குடைக்குப் போட்டிருக்குமே! எனக்கு வேலை போச்சு, மில்லெல்லாம் நின்னுச்சு, எல்லாம் இதுக்கா? மூச்சுக் கணக்கு முக்காவாசி மண்வெட்டின்னுச்சே!”

“அந்த மெசினுக்கு இன்னைக்குத்தான் பரிச்சை ரிசல்ட்டு வந்திருக்குதாட்ட இருக்குது.” தாலிட்சோ பேனாவை மூடினாள். “குடைங்கற பேரைக் கேட்டா எனக்குங்கூட மூச்சு மாறும். கோவத்துல மாறும், பயத்துல மாறும், குடையில நிக்கற ஆளு என்ற கல்யாணத்துக்கு முந்தி என்ற பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தான்னா அதுலயும் மாறும். மாறுனா?”

“ஆனாக்கா, அந்தக் குடைக்காரங்கதானே இவங்க சாவடியையே மூடினாங்க!”

“ஆமாங். சில பேரு அதுக்காக மண்வெட்டிக்குப் போட்டிருப்பாங்க. சில பேரு வேற எதுக்கோ குடைக்குப் போட்டிருப்பாங்க. தப்பாக்கூடப் போட்டிருக்கலாம். அம்மிணி, நீங்க எங்களுக்கு ஓட்டு வாங்கிக் குடுக்கோணும்னு வரலை. நாங்க உங்களுக்குப் புடிச்சவனுக்குப் போடோணும்னு வந்திருக்கறீங்க. உங்க மொதலாளியும் அதேதான்.”

கோகிலா பதில் யோசித்தாள். நல்ல பதில்கள் நிறைய வந்தன. எல்லாவற்றிலும் ‘ஆனால்’ இருந்தது. தாலிட்சோ அதற்குள் தலைநகருக்குப் போன் செய்ய உள்ளே போய்விட்டாள். நாட்டின் மற்ற மாவட்டங்களில் எண்ணிக்கை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கெல்லாம் நிழல்களும் சேர்த்து எண்ணப்பட்டன. அந்த ஊர்களில் யாரும் மூட்டைமேல் ஏறி நிற்கவில்லை.

அவள் வெளியே வந்தாள். டவுன் மில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அரைத்து முடித்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் எஸ்நாத் மட்டும் நின்றிருந்தாள். காலடியில் பேசின் நிறைய மாவு, மேலே துணி கட்டியிருந்தது. புருவத்தில் மாவு. கட்டைவிரலில் மை. சுவரில் ஒட்டியிருந்த தாளை அவள் படித்திருந்தாளா, படித்து என்ன நினைத்தாள், முகத்தில் ஒன்றும் இல்லை.

கோகிலாவைப் பார்த்ததும் அவள் கையசைத்துக் கூப்பிட்டாள். முதல்முறையாக அவளிடம் பேசினாள்.

“சித்தெத் தூக்கி உடுங்க.”

அந்த அம்மா யாருக்குப் போட்டாள்? குடைக்கா, மண்வெட்டிக்கா? முப்பது கேள்வியும் இந்த ஒன்றுக்குத்தான் அலைந்தன. கேட்க இதைவிட நல்ல நேரம் வராது. பக்கத்தில் ஃபைசன் இல்லை, இயந்திரம் இல்லை, எழுத விதியும் இல்லை. கோகிலா குனிந்து பேசினின் ஒரு விளிம்பைப் பிடித்தாள். எஸ்நாத் மறு விளிம்பைப் பிடித்தாள். முப்பது கிலோ இருக்கும். மார்புவரை ஏற்றி, தோள்வரை ஏற்றி, எஸ்நாத் தலைச்சும்மாடு சரிசெய்யும்வரை தாங்கிப் பிடித்து, ஒருவழியாக வைத்துவிட்டாள். எஸ்நாத் கழுத்தை ஒருமுறை நேராக்கிக்கொண்டு வடக்குச் சாலையில் நடந்து போனாள்.

கோகிலா கேட்கவில்லை. திருந்திவிட்டாள் என்று யாரும் எழுதி வைத்துவிட வேண்டாம். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.